சிங்க இறாலுக்குப் பீலித் தண்ணீர்

நாவலப்பிட்டி டவுனில் காலையில் இடியப்பம் சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் ரத்தினம்மாவின் கையால் சாப்பிடுகிறவர்கள். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. தங்கள் கடையிலேயே பிழிந்ததுபோலப் பரிமாறுவார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. விடியுமுன்னே பிழிந்து, அவித்து, கூடையில் அடுக்கி அனுப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

ஊரே அவள் கையால் சாப்பிட்டது. வீட்டுக்குள் இருக்கிற மருமகள் கிருஷாந்தி மட்டும் மூன்று வருஷமாக அந்தக் கையால் ஒரு வாய் தேத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஒரே குசினியில் இரண்டு அடுப்பு. இந்தப் பக்கம் மாமியாரின் விறகடுப்பு, அந்தப் பக்கம் மருமகளின் கேஸ் அடுப்பு.

நான் பக்கத்து வீடு. ரயில் பாதைக்கு மேலே சரிவில் ஒட்டிக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. எனக்கும் ரத்தினக்காவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறேன். மெஷின் சத்தம் நின்றால் அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்கும். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் என்று தெருவில் பேர். இருக்கட்டும். அந்த வீட்டுக் கதையை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம் என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

ரத்தினக்கா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமானதும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு டவுனுக்கு வந்தாள். புருஷன் நடராஜா ரயில்வேயில் மூட்டை தூக்கியவர். மகன் சதீஸ் பள்ளிக்கூடம் போகும்போதே அவர் கண்ணை மூடிவிட்டார். அன்றிலிருந்து எல்லாவற்றையும் தனியாகச் செய்து பழகிவிட்டாள். கூரை ஒழுகினால் தானே ஏறுவாள். பைப் உடைந்தால் தானே துணியைச் சுற்றிக் கட்டுவாள். "நான் பாத்துக்கிறேன்" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வராது. ஒரு விஷயம் தெரியாது என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. இதற்காக எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். "யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

கிருஷாந்தி கலகெதரையிலிருந்து வாழ வந்தவள். முதல் வருஷம் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் ஒரே குடையில் போவார்கள். எனக்கே பொறாமையாக இருக்கும். பிறகு அவள் முழுகாமல் இருந்தாள். நாலாம் மாதம் அவளுக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது. ரத்தினக்கா மல்லி, இஞ்சி போட்டுக் கசாயம் வைத்துக் கொடுத்தாள். கொடுக்கலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. மறுநாளே வயிற்று வலி. கண்டி பெரியாஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனார்கள், பிள்ளை தங்கவில்லை.

கசாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டொக்டர் அம்மா தெளிவாகச் சொன்னார். கிருஷாந்தியும் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு வந்த அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதுல வேற என்ன போட்டீங்க அத்த?"

"வேற ஒண்ணும் போடலம்மா."

அதோடு சரி. அடுத்த வாரம் அந்தக் கேஸ் அடுப்பு வந்தது. சண்டை போட்டிருந்தால் நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டித் தீர்த்திருப்பேன். இவர்கள் சண்டையும் போடவில்லை. "அத்த, குளிக்கத் தண்ணி வச்சிருக்கேன்", "சரிம்மா", அவ்வளவுதான். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. சோறு மட்டும் வேறு வேறு சட்டியில். ரத்தினக்கா என் வீட்டுக்கு வந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அந்தக் கையைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

இந்த வருஷம் கிருஷாந்தி மறுபடி முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதம் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. மற்றப் பெண்கள் மாங்காய் கேட்பார்கள், நெல்லி கேட்பார்கள், என் தங்கை அடுப்புச் சாம்பலைக் கேட்டாள். இவள் கேட்டது சிங்க இறால். போனில் யாரோ முழுசாக அவித்துச் சிவக்கச் சிவக்கத் தட்டில் வைக்கிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலைப் பார்க்கவே அரை நாள் பஸ்ஸில் போக வேண்டிய ஊர் எங்களுடையது. இங்கே போய் சிங்க இறால்!

பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் விட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் முழுகாமல் இருக்கிற ஒருத்தி என் தட்டைப் பார்த்துவிட்டால் மறு பேச்சில்லாமல் தட்டை அவள் பக்கம் தள்ளிவிடுவேன். ரத்தினக்காவோ முழுசாக நம்புகிறவள். போன பிள்ளையை நினைத்து இன்னும் பயந்துகொண்டிருந்தவள்.

சதீஸ் நீர்கொழும்பில் மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்றான். உயிரோடு வருவதை எப்படி அவிப்பது என்று கிருஷாந்திக்குப் பயம். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அம்மா அவிச்சுத் தரட்டுமா?" என்று சதீஸ் கேட்டான். ரத்தினக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு கிருஷாந்தி, "சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யைத் தூக்கிக்கொண்டு ரத்தினக்கா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "சரினுட்டா புள்ள. என் கையால திங்கிறேன்னுட்டா," என்று கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அதுக்கு ஏன் அழுவுறீங்க?" என்று நான் அதட்டினேன். அதட்டாமல் விட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

பெட்டி ரயிலில் வந்தது. சதீஸின் கூட்டாளி யுகேஷ் ஹட்டனுக்குப் போகிறவன், வழியில் ஜன்னலால் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. நானும் துணைக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியை நீட்டிக்கொண்டு அவன் கத்தினான்: "அம்மா, உசிரோட இருக்கு! உசிரோட இருக்கறப்பவே கொதிக்கிற தண்ணில போட்டுருங்க. செத்துட்டா திங்காதீங்க, வெசமாயிருமாம். சதீஸ் சொல்லச் சொன்னான்!" ரயில் நகர்ந்துவிட்டது. "நான் பாத்துக்கிறேன்," என்று ரத்தினக்கா அவனுக்குக் கை காட்டினாள்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தோம். ஈரச் சாக்குக்குள், நனைந்த பேப்பருக்கு நடுவில் அது கிடந்தது. முதுகெல்லாம் முள், முழ நீளத்துக்கு இரண்டு மீசை. நான் தொட்டதும் வாலைப் படபடவென்று அடித்தது. நான் குதித்துக் கதவுக்கு வெளியே போய்விட்டேன். ரத்தினக்கா பயப்படவில்லை. குனிந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருஷாந்தி அன்று கிளினிக் போயிருந்தாள். மத்தியானம்தான் வருவாள். அவள் வாசலுக்கு வந்ததும் அவித்துச் சுடச்சுடக் கொடுக்க வேண்டும் என்பது ரத்தினக்காவின் திட்டம். வேறு கறி எதுவும் வைக்கவில்லை. பெரிய சட்டியைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள். நான் என் வேலையைப் பார்க்க வந்துவிட்டேன். வந்திருக்கவே கூடாது.

நாலைந்து சட்டைக்குக் காலர் வைத்து முடித்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ புள்ள, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்," என்றாள். சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் அவள் ஒருநாளும் யாரையும் உதவிக்குக் கூப்பிடுகிறவள் இல்லை. மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

குசினித் தரையில் நீல பேசின். விளிம்பு வரை தண்ணீர். அதற்குள் சிங்க இறால் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் உப்புப் பைக்கட் கிழிந்து கிடந்தது.

"என்னக்கா பண்ணீங்க?"

"வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு புள்ள. தாகமா இருக்கும்னு நெனச்சேன். உசிரோட இருக்கணும்னுதானே அவன் சொன்னான்? பைப் தண்ணில மருந்து போடுறாங்கன்னு பீலிக்குப் போயி நல்ல தண்ணியா புடிச்சாந்து ஊத்துனேன்."

பீலி என்பது எங்கள் வீடுகளுக்கு மேலே கல்லிடுக்கில் குழாய் செருகி விட்டிருக்கிற ஊற்று. யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அங்கேயிருந்துதான் தண்ணீர் வரும். அதைவிட உயர்ந்த தண்ணீர் உலகத்தில் இருப்பதாக எங்களில் யாரும் நினைத்ததில்லை.

"கடல்ல கெடந்ததுக்கா! உப்புத் தண்ணில கெடந்தது! அதப் போயி..." என் குரல் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"தண்ணில இருக்குறது தண்ணில இருக்கும்னு நெனச்சேன். பெறகு சொரணை வந்து உப்பு போட்டேன். அப்பயும் ஆடல."

நான் ஓர் அகப்பைக் காம்பால் அதைத் தள்ளிப் பார்த்தேன். அது தள்ளின பக்கம் போனது. மீசை தண்ணீரோடு சேர்ந்து அசைந்தது, தானாக அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பேசினை எட்டி உதைக்கலாம்போல இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

"எப்ப செத்துச்சு?"

"சட்டி கழுவிட்டு வந்தப்ப மீசை ஆடுச்சு. பெறகு அடுப்பு மூட்டுனேன், தேசிக்காய் வாங்கக் கடைக்குப் போனேன். வந்து பாத்தா..." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இப்பதான் செத்திருக்கும். கோழிய அறுத்தா அந்த நிமிசமேவா அவிக்கிறோம்? நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டபிறகு நான் சும்மா நிற்கவில்லை. சதீஸுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிடுவார்கள். "நான் சந்தைக்குப் போயி மீன்கடையில கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் அதத் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினேன்.

மீன்கடை ரிஸ்மி எனக்குப் பழக்கம். அவன் பிள்ளைகளின் சட்டையும் நான் தைப்பதுதான். மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"செத்து எவ்ளோ நேரமெண்டு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாணாம். மீனெண்டா ஐஸ்ல போட்டு விக்கிறோம். இது அப்பிடி இல்லக்கா, செத்த ஒடன சதை கெடத் தொடங்கிரும். சில நேரம் ஒண்ணும் ஆகாது. சில நேரம் ஆஸ்பத்திரிதான். யார் சாப்பிடப் போறது?"

"முழுகாம இருக்குற புள்ள."

அவன் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டான். "கேக்கவே வாணாம்க்கா. தூக்கி வீசுங்க. அவிச்சிட்டாங்கெண்டா வாலப் பாருங்க. உசிரோட போட்டிருந்தா நல்லா சுருண்டு இறுகி இருக்கும். செத்தது நீட்டிக்கிட்டுக் கெடக்கும்."

திரும்பிப் படியேறும்போதே வாசனை வந்துவிட்டது. நல்ல வாசனை. கெட்ட நாற்றம் வந்திருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும்.

குசினியில், பெரிய தட்டில் சிங்க இறால் தகதகவென்று சிவந்து கிடந்தது. வீடியோவில் இருந்ததுபோலவே முழுசாக. சுற்றிவரத் தேசிக்காய்த் துண்டு அடுக்கியிருந்தாள். வால் மட்டும் நீட்டிக்கொண்டு துவண்டு கிடந்தது.

"நான் தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"நான் ரெண்டு கால ஒடச்சுத் தின்னு பாத்துட்டேன். ஒண்ணும் ஆகல."

"எப்ப தின்னீங்க?"

"இப்பதான்."

"இப்பதான் தின்னுட்டு இப்பவே தெரிஞ்சிருமா? பைத்தியமாக்கா உங்களுக்கு?" ரிஸ்மி சொன்னதையெல்லாம் கொட்டினேன். வாலைக் காட்டினேன். அவள் வாலைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள, நான் போட்ட தண்ணில செத்துப்போச்சுனு சொன்னா அவ என்ன நெனப்பா? கசாயத்த நெனப்பா. இனி செத்தாலும் என் கையால ஒரு பருக்க திங்க மாட்டா. பொறக்குற புள்ளையவும் என் கைல குடுக்க மாட்டா. அப்பறம் நான் இந்த வீட்டுல எதுக்கு?"

"சாப்பிட்டு ஏதாவது ஆயிட்டா?"

அந்த நேரம் வாசலில் குடையை உதறுகிற சத்தம் கேட்டது.

கிருஷாந்தி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்கு வந்தாள். தட்டைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ அத்த! அப்பிடியே வீடியோல மாதிரியே!" அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! என்னைப் பார்த்து, "நீங்களும் இருக்கீங்களாக்கா, நல்லதாப் போச்சு," என்றாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "புள்ளைக்கு நெஞ்சுத் துடிப்பு நல்லா இருக்காம் அத்த. மிட்வைஃப் அக்கா எனக்கும் கேக்க வச்சாங்க," என்றாள்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளாக வந்து சொன்ன சங்கதி. ரத்தினக்கா, "அப்பிடியா சாமி," என்றாள்.

நான் ஒரு முடிவோடு நின்றேன். கிருஷாந்தி வாயில் வைப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். ரத்தினக்கா ஜென்மத்துக்கும் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஊரெல்லாம் திட்டித் திரிகிற என் வாய் அன்று ஒட்டிக்கொண்டது. அவளே சொல்லட்டும், அவளே சொல்லட்டும் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். நான் சொல்லிவிட்டால் அவளுக்கு மிச்சமென்று ஒன்றுமே இருக்காது.

கிருஷாந்தி கை கழுவிக்கொண்டு வந்தாள். தன் பக்கத்துக் கதிரையில் உட்காராமல், மாமியாரின் விறகடுப்புப் பக்கத்துப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சதீஸுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்தாள். எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"வீடியோல வால் நல்லா சுருண்டு இருந்துச்சு. இது ஏன் அத்த நீட்டிக்கிட்டு இருக்கு?"

நான் ரத்தினக்காவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அது வேற சாதி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் நம்பிவிடுவாள். அவள் நம்பத் தயாராகத்தான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

பதில் வராததைக் கிருஷாந்தி கவனிக்கவில்லை. பசி அவளுக்கு. வாலின் மேலோட்டை ரத்தினக்கா ஏற்கனவே கத்தியால் கீறி வைத்திருந்தாள். அதிலிருந்து வெள்ளைச் சதையாக ஒரு துண்டைப் பிய்த்து, தேசிக்காய் பிழிந்து, கண்ணை மூடி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் "கிரு..." என்று தொடங்குவதற்குள் ரத்தினக்கா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த வேகத்தில் தட்டு சரிந்து தேசிக்காய்த் துண்டுகள் தரையில் உருண்டன. அவள் கையிலிருந்த சதைத் துண்டு அடுப்புச் சாம்பலில் விழுந்தது.

"திங்காத! செத்துப்போனதம்மா. அவிக்கிறதுக்கு முந்தியே செத்துப்போச்சு. நான்தான் பீலித் தண்ணில போட்டுக் கொன்னுட்டேன்."

கிருஷாந்திக்கு ஒன்றும் புரியவில்லை. கையை விடுவித்துக்கொள்ளாமல் அவளையே பார்த்தாள்.

"செத்தா வெசம்னு யுகேஷ் சொல்லித்தான் குடுத்தான். அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேவா அவிச்சீங்க?"

"தெரிஞ்சுதாம்மா அவிச்சேன்."

"எனக்குக் குடுக்கவா?"

"ம்."

கிருஷாந்தி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஒரு கை தானாக வயிற்றில் போய் நின்றது. "என் வயித்துல புள்ள இருக்கு அத்த," என்றாள். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருக்கலாம். "ஏன் அத்த? ஏன்?"

"என் கையால சாப்பிடுறேன்னு சொன்னியே. அது போயிருமேனு பயந்துட்டேன்," என்றாள் ரத்தினக்கா. "உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாதும்மா. இத எப்பிடி வச்சிக்கிறதுன்னும் தெரியாது, எப்பிடி அவிக்கிறதுன்னும் தெரியாது. யார்கிட்டயும் கேக்கவும் இல்ல."

கிருஷாந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள், அவள் பயந்ததும் நடந்துவிட்டது. இதில் நான் என்ன சொல்ல? அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். நாய் தின்றுவிடாமல் வாழையடியில் ஆழமாகக் குழி தோண்டினாள். மழைத்தூறல் விழுந்துகொண்டிருந்தது. மண்வெட்டியை நான் கேட்டேன், தரவில்லை. இவ்வளவு பட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் அழவும் இல்லை. மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்து இறுக்கினாள்.

"வயிறு ஏதும் செய்யுதாக்கா?" என்று கேட்டேன். அவளும் இரண்டு கால் தின்றிருந்தாளே.

"எனக்கு என்னமும் ஆகட்டும்."

"வாயக் கழுவுங்க. இனிமே இப்பிடிப் பேசுனா அந்த மண்வெட்டியாலயே போட்டுருவேன்."

பின்கதவில் நிழல் தட்டியது. கிருஷாந்தி நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. ரத்தினக்கா மண் அப்பிய கையோடு தலையைக் குனிந்துகொண்டாள், அடி வாங்கப் போகிறவளைப்போல.

"அத்த."

"சொல்லும்மா."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. யாரும் உங்களக் கட்டாயப்படுத்தவும் இல்ல."

ரத்தினக்கா மண் கையைப் புடவையில் தேய்த்துக்கொண்டாள்.

"இதச் சொன்னா நான் என்ன நெனப்பேன்னு தெரிஞ்சும் சொன்னீங்க." நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்குக் கசாயத்துல வேற ஏதாவது போட்டிருந்தா, அன்னிக்கே சொல்லியிருப்பீங்க."

ரத்தினக்கா அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோண்டும்போது வராத அழுகை அப்போது வந்தது. நான் அவளை அவ்வளவு காலம் பார்த்திருக்கிறேன், நடராஜா அண்ணன் போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. கிருஷாந்தி இறங்கி வரவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. அவளுக்குக் கோபம் போய்விட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோபம் இருக்க வேண்டிய கோபம்தான்.

"இனிமே எதையாச்சும் செய்யறதுக்கு முந்தி கேளுங்க," என்றாள். "என்கிட்டயாச்சும் கேளுங்க."

"கேக்குறேன் சாமி."

"எந்திரிங்க. கையக் கழுவுங்க. எனக்குப் பசிக்குது."

ரத்தினக்கா தடுமாறி எழுந்தாள். எழுந்ததும் அவள் முகத்தில் பழையபடி கலவரம். "கறி ஒண்ணும் வைக்கலையேம்மா. இத நம்பி எதுவுமே ஆக்கல. சோறும் கொஞ்சம் பருப்பும்தான் இருக்கு. அது... போடவா?"

அவள் கேட்டாள். நான் சாட்சி.

"போடுங்க," என்றாள் கிருஷாந்தி.